எமர்ஜென்சி ஸ்டாப் ரீசெட் ஆகவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பதும் சரியான கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதும்

ராத்திரி ஷிஃப்டில் லைன் நின்றால் முதலில் பழி விழுவது பேனலுக்குள் இருக்கும் சேஃப்டி ரிலேயின் மேல்தான், அதாவது எமர்ஜென்சி பட்டன்களைக் கண்காணித்து மெஷினை நிறுத்தும் ரிலேயின் மேல். “ரிலே போயிருச்சு சார், புதுசு இருந்தா எடுத்துட்டு வாங்க” என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ரிலே நன்றாகவே இருக்கும். எங்கோ ஒரு கம்பி கழன்றிருக்கும், அல்லது பட்டன் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் ரிலேக்குக் கொடுத்த வேலை, அதை அது ஒழுங்காகச் செய்திருக்கும்.

ஒரு பழுது ஒரு தடவை வந்தால் கம்பியைத் தேடலாம். அதே பழுது மாதாமாதம் வந்தால் அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்த கன்ட்ரோலரே (சாதாரண சேஃப்டி ரிலே, கன்ஃபிகரபிள் கன்ட்ரோலர், சேஃப்டி பிஎல்சி என்ற மூன்றில் ஒன்று) பொருத்தமில்லாததாக இருக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு அறிகுறியோடும், எந்த வகைக் கன்ட்ரோலர் இருந்தால் அந்தத் தொல்லை குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உதாரணத்துக்கு நம் ஊர்ப் பேனல்களில் அதிகம் காணும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட் டிசி சேஃப்டி ரிலே. எமர்ஜென்சி பட்டன்களில் இரண்டிரண்டு என்சி கான்டாக்ட், அதாவது சும்மா இருக்கும்போது மூடியிருந்து அழுத்தினால் திறக்கும் கான்டாக்ட். ஒவ்வொன்றும் ஒரு சானல், அதாவது ரிலேக்குப் போகும் தனிச் சிக்னல் பாதை. முதல் சானல் எஸ்11, எஸ்12 வழியாகவும் இரண்டாவது எஸ்21, எஸ்22 வழியாகவும் ஓடுகிறது. ரிலேயின் அவுட்புட் கே1, கே2 என்ற இரண்டு கான்டாக்டர்களை (மோட்டார் பவரை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சுகள்) எடுக்கிறது, அதாவது இழுத்து மூட வைக்கிறது; விடுவது என்றால் அதற்கு எதிர், மோட்டாருக்குப் போகும் பவர் இரண்டின் வழியாகவும் தொடராகப் போகிறது. கான்டாக்டர்களின் என்சி துணைக் கான்டாக்ட் ஒய்1, ஒய்2 என்ற ஃபீட்பேக் லூப்பில் இருக்கிறது, கான்டாக்டர்கள் உண்மையிலேயே விட்டனவா என்று ரிலேக்குச் சொல்வது அதுதான். டெர்மினல் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தத்துவம் மாறாது.

மீட்டரை எடுக்கும் முன்

பேனல் சப்ளையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், கையில் இருக்கும் சாட்சியத்தை அழிப்பதும் அதுதான். எந்த எல்இடி எரிகிறது, எது அணைந்திருக்கிறது, எது மின்னுகிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

எல்இடியைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ரிலேக்களில் சானல் விளக்கு உள்ளே வரும் சிக்னலைக் காட்டும். சிலவற்றில் ரீசெட் ஆகி உள் ரிலே எடுத்த பிறகுதான் எரியும். கையேட்டைப் பார்க்காமல் “சானல் வரவில்லை” என்று முடிவு கட்டினால் இல்லாத கம்பி அறுந்த இடத்தை மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். மீட்டர் வைக்கும்போதும் கவனம் வேண்டும். சானல்களுக்கு இடையே ஷார்ட்டைப் பிடிப்பதற்காக ஒரு சானலை பிளஸ் பக்கமும் இன்னொன்றை மைனஸ் பக்கமும் ஓட்டும் ரிலேக்கள் நிறைய. இரண்டாவது சானலில் 24 வோல்ட்டைத் தேடினால் அங்கே கிடைக்காது.

ஜம்பர் போட்டு, அதாவது கான்டாக்ட்டைத் தாண்டி ஒரு கம்பியால் இணைத்துச் சோதிப்பதைப் பற்றி: சேஃப்டி சர்க்யூட்டில் ஜம்பர் போட்டு மெஷினை ஓட்டிப் பார்ப்பது வேண்டாம். வோல்டேஜை அளந்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கலாம். கன்டினியுட்டி (கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பது) பார்க்கத்தான் வேண்டும் என்றால் மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

“பட்டனை அழுத்துனேன், மெஷின் நிக்கலை”

இந்த ஒரு புகார் வந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். மெயினை இறக்குங்கள். கீழே வரும் மற்ற அறிகுறிகளில் பெரும்பாலானவை உற்பத்தியைத்தான் கெடுக்கும், இது ஆளைக் கெடுக்கும்.

முதலில் பட்டனின் பின்புறத்தைப் பாருங்கள். பேனல் கதவில் 22 மில்லிமீட்டர் துளையில் இருக்கும் பட்டனுக்குத் தலை தனி, பின்னால் மாட்டும் கான்டாக்ட் பிளாக் தனி. அதிர்விலோ, யாரோ கம்பியைப் பிடித்து இழுத்ததிலோ பிளாக் கழன்று தொங்கினால் என்ன ஆகும்? என்சி கான்டாக்ட் மூடியபடியே இருக்கும். தலையை அழுத்தினால் தலை மட்டும் உள்ளே போகும், பிளாக்குக்கு எதுவும் தெரியாது. ரிலேக்கும் தெரியாது, ஏனென்றால் இரண்டு சானலும் ஆரோக்கியமாகவே தெரியும். மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் இதே கதைதான். சில பெட்டிகளில் பிளாக் அடிப்பக்கத்திலும் தலை மூடியிலும் இருக்கும். மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டால் அந்தப் பட்டன் வெறும் பொம்மை.

இதற்காகவே தன்னைத் தானே கண்காணிக்கும் கான்டாக்ட் பிளாக் விற்கிறார்கள். அதற்குள் ஒரு கூடுதல் கான்டாக்ட் என்சியோடு தொடராக இருக்கும். பிளாக் தலையோடு சேர்ந்திருக்கும்வரை அது மூடியிருக்கும், கழன்றதும் திறந்து சர்க்யூட்டை அறுத்துவிடும். விலை கொஞ்சம் அதிகம். அதிர்வு உள்ள மெஷினில் இதை வாங்குவதற்கு நான் யாரிடமும் வாதாடத் தயார். எவ்வளவு விலையுயர்ந்த கன்ட்ரோலர் போட்டாலும் கழன்ற பிளாக்கை அதனால் கண்டுபிடிக்க முடியாது, அந்த வேலை பட்டனுடையது.

பிளாக் சரியாக இருந்தால் அடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். பழைய ஜம்பர் எங்காவது மிச்சம் இருக்கிறதா? பட்டன் சேஃப்டி ரிலேக்குப் போகாமல் மெஷினை ஓட்டும் புரோகிராம் இருக்கும் சாதாரண பிஎல்சியின் இன்புட்டுக்கு மட்டும் போகிறதா? கே1, கே2 இரண்டும் ஒட்டிக்கொண்டனவா? அப்புறம் நான்காவதாக, பட்டன் எந்தப் பகுதியை நிறுத்த வேண்டும் என்று ஆபரேட்டர் நினைக்கிறார், வயரிங் எதை நிறுத்துகிறது என்பது. கன்வேயரின் நடுவில் இருக்கும் பட்டன் தன் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு, பக்கத்துப் பகுதியை ஓட விட்டிருக்கும். வரைபடப்படி அது பழுதே இல்லை. ஆனால் பட்டனை அடிப்பவர் வரைபடம் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. எது வரை நிற்கும் என்பது பட்டன் இருக்கும் இடத்திலேயே புரிய வேண்டும்.

“பவர் லைட்டே எரியலை”

24 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் 24 வோல்ட் இருக்கிறது, ரிலேயின் சப்ளை டெர்மினல்களான ஏ1, ஏ2-விலும் இருக்கிறது, ஆனால் பவர் எல்இடி மட்டும் அணைந்திருக்கிறது என்றால் ரிலேயைக் கழற்றிப் போடாதீர்கள். சானல்களை எதிரெதிர் முனையில் ஓட்டும் ரிலேயில் இரண்டு சானலும் ஒன்றோடொன்று உரசினால் அது நேரடி ஷார்ட். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் ஃபியூஸ் சூடாகிக் கரண்ட்டைத் தடுத்துவிடும். எஸ் டெர்மினல் கம்பிகளைக் குறித்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள், சப்ளையை அணைத்து ஒரு நிமிடம் ஆற விடுங்கள், மறுபடி கொடுங்கள். விளக்கு எரிந்தால் ரிலே பிழைத்துவிட்டது, ஷார்ட் வெளியே இருக்கிறது.

வெளியே என்றால் எங்கே? கேபிள் பெட்டிக்குள் நுழையும் கிளாண்டில், நகரும் கேபிளைத் தாங்கும் டிராக் செயின் வளையும் இடத்தில், பட்டன் பெட்டிக்குள். உணவுத் தொழிற்சாலையில் கழுவும் பகுதியில் பெட்டிக்குக் கேபிள் மேலிருந்து இறங்கினால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். நான் திறந்த ஒரு பெட்டியில் கான்டாக்ட் பிளாக் பாதி மூழ்கிப் பச்சை பூத்திருந்தது. புதுப் பெட்டி வாங்குவதைவிட கேபிளைக் கீழிருந்து ஏற்றுவது, வழியில் ஒரு சொட்டு வளைவு விடுவது, இவைதான் தீர்வு.

ஏ1-இல் 24 இல்லாமல் 19 அல்லது 20 வோல்ட் இருந்தால் அது வேறு கதை. பல ரிலேக்கள் 15 சதவீதக் குறைவு வரைதான் தாங்கும், அதாவது 20.4 வோல்ட். நியூமேடிக் வால்வுகள், பிரேக் காயில்கள் எல்லாம் அதே எஸ்எம்பிஎஸ்ஸில் தொங்கினால் அவை எடுக்கும் நொடியில் மட்டும் வோல்டேஜ் படுத்துவிடும். சாதாரண மீட்டர் அதைக் காட்டாது. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மீட்டர் வேண்டும்.

“பட்டனை விட்டாச்சு, ஆனா சானல் வரலை”

எட்டுப் பட்டன்கள் தொடராக இருந்தால் ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகத் திறந்து பார்க்காதீர்கள். நான்காவது பட்டனுக்குப் பின் அளந்து பாருங்கள். அங்கே வோல்டேஜ் வந்தால் பழுது பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். அடுத்து அந்தப் பாதியின் நடுவில். மூன்றே அளவில் எட்டில் எது என்று தெரிந்துவிடும். நாற்பது மீட்டர் கன்வேயரில் ஏணி வைத்து ஏறி இறங்குகிறவருக்கு இதன் அருமை புரியும். பேனலுக்குள்ளேயே ஒவ்வொரு பட்டனின் போக்கும் வரவும் தனித்தனி டெர்மினலில் இருந்தால் ஏணியே வேண்டாம். பட்டனிலிருந்து பட்டனுக்கு நேராக லூப் அடித்துக் கேபிளை மிச்சம் பிடித்த பேனல்களில்தான் ராத்திரி முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

“ஒரு சானல் மட்டும் வருது, ரீசெட் எடுக்கலை”

இரண்டு சானல் ரிலேயில் இது நியாயமான கோபம். பட்டனை அழுத்தும்போது இரண்டும் திறக்க வேண்டும், விடுவிக்கும்போது இரண்டும் மூட வேண்டும். ஒன்று மட்டும் திறந்து மூடினால் ரிலே பூட்டிக்கொள்ளும். பட்டனை அரைகுறையாகத் தட்டியிருக்கலாம். கதவுச் சுவிட்ச் என்றால் கதவு அதிர்வில் கொஞ்சம் விலகி ஒரு கான்டாக்ட் மட்டும் விட்டிருக்கலாம். பட்டனை முழுதாக அழுத்தி, விடுவித்து, ரீசெட் கொடுங்கள். எடுத்தால் ஒரு தடவை மன்னிக்கலாம். மறுபடி வந்தால் கான்டாக்ட்டை மாற்றுங்கள், கதவின் கீலைச் சரி செய்யுங்கள்.

இங்கேதான் தொடர் இணைப்பின் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு ரிலேயில் இரண்டு கதவுகள் தொடராக இருக்கின்றன. முதல் கதவில் இரண்டாவது சானலின் கம்பிகள் நசுங்கி ஒட்டிக்கொண்டன. ஆபரேட்டர் முதல் கதவைத் திறக்கிறார். முதல் சானல் விடுகிறது, மெஷின் நிற்கிறது. கதவை மூடி ரீசெட் அடிக்கிறார், எடுக்கவில்லை. ரிலே பழுதைப் பிடித்துவிட்டது, இதுவரை எல்லாம் சரி. இப்போது அவர் என்ன செய்வார்? “ஒருவேளை அந்தக் கதவு சரியா மூடலையோ” என்று இரண்டாவது கதவைத் திறந்து மூடுவார். அந்தக் கதவு ஆரோக்கியமானது, இரண்டு சானலும் விட்டு எடுக்கும். ரிலே திருப்தி அடைந்து ரீசெட் ஆகிவிடும். முதல் கதவின் பழுது அப்படியே இருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரியாது. நாளை அதே கதவில் முதல் சானலும் கெட்டால், கதவு திறந்திருக்கும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் பழுது மறைப்பு என்று சொல்வார்கள். ஐஎஸ்ஓ டிஆர் 24119 என்ற ஆவணமே இதற்காக வந்தது. தொடரில் எத்தனை கதவு, அவை எவ்வளவு அடிக்கடி திறக்கின்றன என்பதைப் பொறுத்து, பழுதைக் கண்டுபிடிக்கும் திறனுக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுக்கலாம் என்று அது வரையறுத்தது. கதவு கூடக்கூட, அடிக்கடி திறக்கத் திறக்க, மதிப்பெண் சரியும். அதோடு அந்தச் செயல்பாட்டின் பெர்ஃபார்மன்ஸ் லெவலும், அதாவது ஏ முதல் ஈ வரை எழுத்தால் குறிக்கும் நம்பக அளவும், சரியும்.

எமர்ஜென்சி பட்டன்களைத் தொடராகப் போடுவதில் நான் அவ்வளவு கண்டிப்புக் காட்டமாட்டேன். அவை எப்போதாவதுதான் அழுத்தப்படுகின்றன, ஒரே நேரத்தில் இரண்டு அழுத்தப்படுவது அபூர்வம். ஆனால் ஷிஃப்டுக்கு இருபது தடவை திறக்கும் கதவையும் பட்டன்களையும் ஒரே ரிலேயில் கோத்திருந்தால், அது கன்ட்ரோலரை மாற்ற வேண்டிய பேனல். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இன்புட் ஜோடி கொடுக்கும் கன்ஃபிகரபிள் சேஃப்டி கன்ட்ரோலர் போட்டால் ஒரு கதவின் பழுதை இன்னொரு கதவால் அழிக்க முடியாது.

“ரெண்டு சானலும் இருக்கு, ரீசெட் எடுக்கவே மாட்டேங்குது”

ஃபீட்பேக் லூப்பைப் பாருங்கள். ஒய்1, ஒய்2 மூடியிருக்கவில்லை என்றால் கே1 அல்லது கே2 இன்னும் விடவில்லை என்று அர்த்தம், அல்லது விட்டும் துணைக் கான்டாக்ட் சேரவில்லை. எந்தக் கான்டாக்டர் என்று தெரிய, காயில்களில் வோல்டேஜ் இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு நடுவில் உள்ள குறிகாட்டியைப் பாருங்கள். காயிலில் ஒன்றுமில்லை, குறிகாட்டி இன்னும் உள்ளே இழுத்தபடி இருக்கிறது என்றால் மெயின் கான்டாக்ட் ஒட்டிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டி விடுவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டினால் விடும், ரீசெட் ஆகும், லைன் ஓடும். ஒட்டின கான்டாக்ட் மறுபடி ஒட்டும். மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் மாட்டினவை, ஒரே எண்ணிக்கை அடித்தவை என்றால் இரண்டையும் மாற்றுங்கள்.

மாற்றும்போது துணைக் கான்டாக்ட் மிரர் கான்டாக்ட்டா என்று பாருங்கள். மெயின் கான்டாக்ட்களில் ஏதாவது ஒன்று ஒட்டியிருந்தாலும் இந்த என்சி மூடாது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம் அது. பக்கத்தில் மாட்டும் ஏதோ ஒரு துணைப் பிளாக்கை ஃபீட்பேக்குக்குப் பயன்படுத்தினால் அந்த உத்தரவாதம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேட்லாக்கைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். சேஃப்டி ரிலேக்குள் இதே வேலையைச் செய்வது ஃபோர்ஸ் கைடட் கான்டாக்ட்கள். ஜெர்மன் கம்பெனியான பில்ஸ் 1987-இல் கொண்டுவந்த பிஎன்ஓஇசட் ரிலேயின் பெயரிலேயே அது இருக்கிறது. கடைசி எழுத்தான இசட், கட்டாயமாக வழிநடத்தப்படும் கான்டாக்ட் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

ஒட்டாமலே ஃபீட்பேக் வராமல் போவதும் உண்டு. துணைக் கான்டாக்ட் வழியாகப் போவது சில மில்லியாம்ப்தான். அவ்வளவு சின்னக் கரண்ட் தூசியை எரித்துச் சுத்தம் செய்யாது. நூற்பாலைகளில் பஞ்சு நார் கான்டாக்ட் இடுக்கில் படிந்துவிடும். ஊதினால் சரியாகும், அடுத்த வாரம் திரும்ப வரும். மூடிய பேனலும் சுத்தமான ஃபில்டரும்தான் வழி.

ஃபீட்பேக் சரி என்றால் மிச்சம் இருப்பது ரீசெட் பட்டன். கண்காணிக்கப்படும் ரீசெட் உள்ள ரிலே பட்டன் அழுத்தப்பட்டிருப்பதைப் பார்ப்பதில்லை, அழுத்தி விடுவதைப் பார்க்கிறது. பட்டன் சிக்கி உள்ளேயே இருந்தால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் எடுக்காது. பிஎல்சி அவுட்புட் மூலம் ரீசெட் கொடுத்தால் பல்ஸ் மிகச் சிறியதாக இருந்தாலும் எடுக்காது.

கான்டாக்டர் அடிக்கடி ஒட்டுகிறது என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். லைட் கர்ட்டன் (கை குறுக்கே போனால் நிறுத்தும் ஒளித் திரை) ஒவ்வொரு சுற்றிலும் கே1, கே2-வை விட வைக்கிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 3 தடவை, நாளுக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள். 3 × 60 × 16 × 300 = 8,64,000 தடவை. முழு லோடில் ஓடும் கான்டாக்டருக்கு ஐஎஸ்ஓ 13849-1-இன் 2015 பதிப்பு கொடுக்கும் பி10டி மதிப்பு (பத்து சதவீதம் ஆபத்தான முறையில் கெட்டுப்போகும் வரையான தடவைகள்) 13,00,000. வகுத்தால் ஒன்றரை வருடம். அதாவது அந்தக் கான்டாக்டர்களை ஒன்றரை வருடத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும். யாராவது மாற்றுகிறார்களா? லைட் கர்ட்டனை, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் எஸ்டிஓ (மோட்டாரின் முறுக்குவிசையை எடுத்துவிடும் வசதி) உள்ளீட்டுக்குக் கொண்டுபோய், கான்டாக்டர்களை எமர்ஜென்சிக்கு மட்டும் விட்டால் இந்தத் தேய்மானம் நின்றுவிடும். அப்படி இரண்டு வேறு வழியில் நிறுத்த வேண்டும் என்று வரும்போது ஒற்றை ரிலேயின் காலம் முடிந்தது.

“ரீசெட் அடிச்சதும் தானா ஓடுது”

அபாயம். பட்டனை விடுவிப்பதோ ரீசெட் செய்வதோ மெஷினை ஓட்டக் கூடாது, ஓட அனுமதி மட்டும் தர வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 13850 சொல்வது. பட்டனைத் திருகி விட்டதுமே கான்டாக்டர் எடுத்தால் ரிலே ஆட்டோ ரீசெட்டில் வயர் செய்யப்பட்டிருக்கிறது. ரீசெட் அடித்ததும் மோட்டார் ஓடினால் பிஎல்சியில் ‘ஓடு’ என்ற கட்டளையை நினைவில் வைக்கும் ரன் பிட் அணையவில்லை. சேஃப்டி ரிலேயின் ஒரு துணைக் கான்டாக்ட்டை பிஎல்சிக்குக் கொண்டுபோய், அது விட்டதும் ரன் பிட்டை அணைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

“ஒரு காரணமும் இல்லாம டிரிப் ஆகுது”

மிகக் கஷ்டமானது இது. போய் நிற்கும்போது ஒழுங்காக ஓடும், கேட்டைத் தாண்டினதும் டிரிப் ஆகும். எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரம்.

ஒரு கன்வேயரில், நீளமாகக் கட்டிய கயிற்றை இழுத்தால் நிறுத்தும் எமர்ஜென்சி சுவிட்ச் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் மட்டும் டிரிப் ஆனது. ரிலேயை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், பயனில்லை. நோட்டில் நேரத்தைப் பார்த்த பிறகுதான் மேலே தகரக் கூரை நினைவுக்கு வந்தது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 60 மீட்டர் கயிறு, காலைக்கும் மதியத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம்: 18 மில்லிமீட்டர். கயிறு தளர்ந்தாலும் சுவிட்ச் டிரிப் ஆகத்தான் வேண்டும், ஏனென்றால் அறுந்த கயிறும் தளர்ந்த கயிறுதான். கயிற்றை இரண்டாக வெட்டி, நடுவில் இரண்டு பக்கமும் கயிறு வாங்கும் சுவிட்ச் ஒன்றை வைத்து, முனைகளில் ஸ்பிரிங் போட்டார்கள், அடங்கியது.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் டிரிப் என்றால் வோல்டேஜ் சரிவு அல்லது மோட்டார் கேபிளோடு ஒட்டி ஓடும் சேஃப்டி கேபிள். டிராக் செயின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது என்றால் கம்பிக்குள் முறிவு. பேனல் கதவை அறைந்து சாத்தினால் டிரிப் என்றால் ஃபெரூல் (கம்பி முனையில் நசுக்கி மாட்டும் உலோகக் குழல்) இல்லாமல் மாட்டின பல இழைக் கம்பி. லைட் கர்ட்டன் உள்ள லைனில் ஓஎஸ்எஸ்டி எனப்படும் அதன் சேஃப்டி அவுட்புட்டைப் பாருங்கள். அது தன்னைச் சோதிக்க ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக அணைந்து எரியும். அதைப் புரிந்துகொள்ளாத வேகமான சாதாரண இன்புட்டில் மாட்டினால் பொய் டிரிப் வரும்.

பத்துச் சாதனங்களைத் தொடராகக் கோத்த ரிலே இந்த மாதிரிப் பழுதில் ஒரு தகவலும் தராது. விட்டது என்பது மட்டும் தெரியும், யார் விட்டார்கள் என்பது தெரியாது. சாதனத்துக்கு ஒரு இன்புட் உள்ள கன்ட்ரோலர் எது முதலில் விட்டது என்று சொல்லும். நான் கன்ஃபிகரபிள் கன்ட்ரோலருக்குக் காசு கேட்கும்போது முதலாளியிடம் சொல்லும் காரணம் பெர்ஃபார்மன்ஸ் லெவல் இல்லை, இதுதான்.

“நிக்குது, ஆனா லேட்டா நிக்குது”

கான்டாக்டர் காயிலில் டயோடு போட்டிருக்கிறார்களா பாருங்கள். ஸ்பார்க்கை அடக்க டயோடு நல்லதுதான், ஆனால் காயில் விடும் நேரத்தைப் பல மடங்கு நீட்டிவிடும். கை நொடிக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்து ஐஎஸ்ஓ 13855 தூரம் கணக்கிடுகிறது. 100 மில்லி நொடி கூடினால் லைட் கர்ட்டனை 200 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். டயோடுக்குப் பதில் காயிலுக்கு வேரிஸ்டர் (ஸ்பார்க்கை அடக்கும் இன்னொரு பாகம்) போட்டால் இந்தத் தாமதம் மிகவும் குறையும்.

டிரைவ் உள்ள இடத்தில் வேறு விஷயம். எஸ்டிஓ மோட்டாரின் முறுக்குவிசையை எடுத்துவிடும், பிரேக் போடாது. கனமான சக்கரம் தானாக ஓய்வெடுக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், செங்குத்து அச்சு பிரேக் பிடிக்காவிட்டால் கீழே இறங்கும். அங்கே எஸ்எஸ்1 வேண்டும், அதாவது முதலில் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, அப்புறம் எஸ்டிஓ; செங்குத்து அச்சுக்கு அதோடு பிரேக்கும் வேண்டும். இதுவே வகை 1 நிறுத்தம். உடனே பவரை எடுப்பது வகை 0. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு இந்த இரண்டும்தான் அனுமதி. இன்னொன்றும் மறக்க வேண்டாம்: எஸ்டிஓ போட்டிருந்தாலும் மோட்டார் டெர்மினலில் வோல்டேஜ் இருக்கலாம். கழற்றுவதற்கு முன் மெயினை இறக்குங்கள்.

“சேஃப்டி பிஎல்சியில சிவப்பு லைட், பழுது ஒண்ணும் காணோம்”

கேபிள் கழன்று திரும்ப மாட்டினால் சேஃப்டி பிஎல்சியின் இன்புட், அவுட்புட் பகுதியான ஐஓ மாட்யூல் தானாகத் திரும்பாது, ஒப்புதல் கேட்கும். திரையில் ஒப்புதல் பட்டன் வைக்காத புரோகிராமில் இது நிரந்தரப் பழுது மாதிரித் தெரியும். மாட்யூலை மாற்றிய பின் என்றால் சேஃப்டி முகவரியைப் பாருங்கள், பழைய மாட்யூலின் முகவரி புதியதில் இருக்காது. அவ்வப்போது மட்டும் வந்தால் நெட்வொர்க் வாட்ச்டாக் நேரம், அதாவது அடுத்த செய்திக்குக் காத்திருக்கும் எல்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள், கூட்டின அளவு நிறுத்தும் நேரத்தில் சேரும்.

கன்ட்ரோலரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எமர்ஜென்சி ஸ்டாப் துணைப் பாதுகாப்புதான். பாதுகாப்புத் தடுப்புக்கும் கதவுக்கும் அது மாற்று இல்லை. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவே, ஒவ்வொரு பணியறையிலும் அவசரத்தில் பவரைத் துண்டிக்கும் சாதனம் இருக்க வேண்டும், அது பராமரிக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. எந்த அளவு நம்பகம் வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13850 குறைந்தபட்சம் பெர்ஃபார்மன்ஸ் லெவல் சி என்கிறது. அதற்கு மேல் எவ்வளவு என்பது உங்கள் அபாய மதிப்பீடு.

கேட்லாக்கில் பெர்ஃபார்மன்ஸ் லெவல் ஈ என்று போட்ட ரிலேயை வாங்கிவிட்டு, ஒற்றை என்சி பட்டனையும் ஒற்றைக் கான்டாக்டரையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டன், கன்ட்ரோலர், கான்டாக்டர் மூன்றும் சேர்ந்துதான் அந்த எழுத்து வரும். ரிலே மட்டும் ஈ வாங்கினால் பேனல் ஈ ஆகாது.

என் வழக்கம் இது. ஒரே மெஷின், ஒரே நிறுத்தம், இரண்டு மூன்று பட்டன் என்றால் ரிலே. மலிவு, ராத்திரியில் யாரும் மாற்றலாம், லேப்டாப் வேண்டாம். கதவும் லைட் கர்ட்டனும் சேர்ந்து, பகுதி பகுதியாக நிறுத்த வேண்டும் என்றால் நான்காவது ரிலேயை வாங்குவதற்கு முன் கன்ஃபிகரபிள் கன்ட்ரோலரின் விலையைக் கேளுங்கள். பேனலில் மிச்சமாகும் கம்பியும் இடமும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். டிரைவ்கள் நெட்வொர்க்கில், பல பேனல்கள், ரோபோ என்று வந்துவிட்டால் சேஃப்டி பிஎல்சி. ஆனால் அதன் பாஸ்வேர்டும் கடைசி புரோகிராமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பேனல் கட்டிக் கொடுத்தவரிடம் மட்டும் இருந்தால் ஒரு கதவுச் சுவிட்சை மாற்ற அவர் போன் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எதை மாட்டினாலும், மாட்டின பிறகு ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்துங்கள். ஒவ்வொரு சானல் கம்பியையும் ஒன்றொன்றாகக் கழற்றி ரிலே பூட்டிக்கொள்கிறதா பாருங்கள். ஃபீட்பேக் கம்பியைக் கழற்றி ரீசெட் மறுக்கிறதா பாருங்கள். அவசரத்தில் வேறு கம்பெனி ரிலேயை மாட்டினால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய ரிலே கண்காணிக்கப்படும் ரீசெட்டில் இருந்திருக்கும், புதியது தொழிற்சாலையிலிருந்து ஆட்டோ ரீசெட்டில் வந்திருக்கும். அந்தச் சின்னச் சுவிட்ச் பெரும்பாலும் பக்கவாட்டிலோ முன்மூடிக்குக் கீழேயோ இருக்கும், பேனலுக்குள் இருக்கும் டிஐஎன் ரெயிலில் (ரிலேக்களை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.